பழுக்க வைத்த ஊசி, பருக்காத நுரையீரல்

போன ஆடி மாதம் ஒரு சாயங்காலம், எதிர்வீட்டுப் பெண் ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தாள். எங்கள் தெரு பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறது. கவருக்குள் ஸ்கேன் படங்கள், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு பக்கப் பிரேதப் பரிசோதனை ரிப்போர்ட். அவள் தம்பி மனைவிக்குப் பதினெட்டாவது வாரத்திலேயே பனிக்குடத் தண்ணீர் கசிய ஆரம்பித்திருக்கிறது. படுக்கையிலேயே பதினோரு வாரம் ஓட்டி, இருபத்தொன்பதாவது வாரம் குழந்தை பிறந்து, சில மணி நேரத்தில் போய்விட்டது. நான் டாக்டர் இல்லை. திசு பரிசோதனைக் கூடத்தில் இருபது வருஷம் ஸ்லைடு வெட்டிய டெக்னீஷியன். தெருவில் யாருக்கு ரிப்போர்ட் வந்தாலும் அது ஒருமுறை என் வீட்டுக்கும் வந்துவிட்டுத்தான் பீரோவுக்குள் போகும்.

"லங்ஸு வளர்றதுக்கு ஊசி போட்டாங்கண்ணா. ரெண்டு நாள்ல நாலு ஊசி. அப்புறம் இன்னாத்துக்கு லங்ஸு வளரலன்னு எழுதிக்கிறாங்க?"

கேள்வி சரியான கேள்வி. அதில் ஒரு சொல் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. அந்த ஊசி லங்ஸை வளர்ப்பதற்கானது இல்லை. பழுக்க வைப்பதற்கானது. மாங்காய் வாங்குகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கல் வைத்தால் காய் மஞ்சளாகும், பெரிதாகாது. பிஞ்சிலே வெம்பியதை எத்தனை நாள் வைக்கோலில் போட்டாலும் அது பிஞ்சு அளவுதான். கருவின் நுரையீரலிலும் பருப்பது ஒரு வேலை, பழுப்பது இன்னொரு வேலை. இரண்டையும் 'வளர்ச்சி' என்ற ஒரே சொல்லில் போட்டுக் கட்டியதால்தான் பாதிக் குழப்பம். ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவசரத்தில் 'லங்ஸ் வளர ஊசி' என்று சொல்லிவிட்டுப் போவதை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்களையும் குறை சொல்ல முடியாது. வார்டில் நின்று மாங்காய்க் கதை சொல்ல யாருக்கு நேரம்?

ரிப்போர்ட்டில் இருந்த எண்களைப் பார்ப்போம். குழந்தையின் எடை 1,200 கிராம். இரண்டு நுரையீரலும் சேர்த்து 8 கிராம். 1981இல் விக்கிள்ஸ்வொர்த், தேசாய் என்ற இருவர் வகுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. நுரையீரல் எடையை உடல் எடையால் வகுக்க வேண்டும். 28 வாரம் தாண்டிய குழந்தைக்கு அது 0.012க்குக் கீழே போனால் குன்றிய நுரையீரல். அதற்கு முந்திய வயதென்றால் 0.015. இந்தக் குழந்தைக்குக் குறைந்தது 14 கிராமாவது இருந்திருக்க வேண்டும். இருந்தது அதில் பாதிக்குச் சற்று மேல்.

எடை ஏமாற்றும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நுரையீரலுக்குள் ரத்தம் கசிந்திருந்தாலும் நிமோனியா பிடித்திருந்தாலும் எடை கூடிவிடும். குன்றிய நுரையீரல் தேறியதுபோல் வேஷம் போடும். அதனால் இன்னொரு எண்ணும் இருக்கும். ரேடியல் அல்வியோலர் கவுண்ட் என்பார்கள். 1960இல் எமெரியும் மித்தலும் கொண்டுவந்த முறை. கடைசிச் சிறு மூச்சுக்குழாயின் நடுவிலிருந்து பக்கத்தில் உள்ள தடுப்புச் சுவர் வரை ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, அந்தக் கோடு எத்தனை காற்றுப் பைகளை வெட்டுகிறது என்று எண்ணுவது. நிறைமாதக் குழந்தைக்கு ஐந்து சொச்சம் வரலாம், இருபத்தொன்பது வாரத்துக்கு அதைவிடக் குறைவாகத்தான் வரும். இந்த ரிப்போர்ட்டில் 2 என்று இருந்தது. கோடு போட இடமே இல்லை என்றுதான் அதற்கு அர்த்தம்.

விக்கிள்ஸ்வொர்த் கணக்கில் மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அதைச் சாதாரணமாக யாரும் அளப்பதில்லை. நுரையீரல் முழுவதிலும் உள்ள டி.என்.ஏ.வை அளப்பது. மனித செல் ஒன்றில் இருக்கும் டி.என்.ஏ. கிட்டத்தட்ட ஒரே அளவு, ஆறு ஏழு பிக்கோகிராம். மொத்தத்தை அதால் வகுத்தால் எத்தனை செல் என்று வந்துவிடும். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்குக் குறைந்தால் குன்றிய நுரையீரல். எனக்கு இந்த அளவை பிடிக்கும். தண்ணீரோ ரத்தமோ இதை ஏமாற்றுவது கஷ்டம். குன்றிய நுரையீரல் என்றால் அடிப்படையில் என்ன என்பதையும் இது நேராகச் சொல்கிறது: செல் எண்ணிக்கை போதவில்லை.

ஏன் போதவில்லை? செல்கள் பிரியவில்லையா, பிரிந்த செல்கள் செத்துவிட்டனவா, பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் வேறு வேலைக்குப் போய்விட்டனவா? இதைப் பிடிக்கத்தான் வளர்ச்சிக் குறியீடுகள் என்று சொல்லப்படும் புரதங்களைத் தேடிப் போகிறார்கள். அதில் ரொம்பப் பிரபலமானது கி-67. லேபில் நாங்கள் 'கே.ஐ. சிக்ஸ்டி செவன்' என்போம்.

பெயர்க் கதை சுவாரசியமானது. ஜெர்மனியில் கீல் என்ற துறைமுக நகரம். அங்கே 1983இல் கெர்டெஸும் கூட்டாளிகளும் ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்களின் உட்கருவை எலிக்குள் ஏற்றி, அதற்கு எதிராக எலி உண்டாக்கும் ஆன்டிபாடிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஆன்டிபாடி செல்களை வளர்த்த தட்டில் 96 குழிகள். 67ஆவது குழியில் இருந்தது மட்டும் விநோதமாக நடந்துகொண்டது: பிரிந்துகொண்டிருக்கும் செல்லின் உட்கருவில் மட்டும் ஒட்டியது, சும்மா இருக்கும் செல்லைத் தொடவே இல்லை. கீல் நகரத்தின் கி, குழியின் 67. அவ்வளவுதான். பெரிய விஞ்ஞானப் பெயர் என்று நினைத்து நான் பயந்ததெல்லாம் ஒரு ஊரும் ஒரு ரேக் நம்பரும்தான்.

கீல் துறைமுகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது, காசிமேடு மீன்பிடித் துறைமுகம் தெரியும். அதை வைத்தே சொல்கிறேன். விடிகாலை மூன்று மணிக்குக் காசிமேட்டில் போய் நின்று, எத்தனை லாஞ்சுகளில், அதாவது விசைப்படகுகளில், எஞ்சின் ஓடுகிறது என்று எண்ணுகிறோம் என்று வையுங்கள். நூறு லாஞ்சில் முப்பதில் எஞ்சின் சத்தம் கேட்கிறது. கி-67 எண்ணிக்கை இதுதான். செல் பிரியத் தயாராகும் கட்டத்தில் தொடங்கி, டி.என்.ஏ.வை நகலெடுக்கும்போதும், பிரிந்து முடியும் வரையும் இந்தப் புரதம் உட்கருவில் இருக்கும். ஓய்வில் இருக்கும் செல்லில் இருக்காது. நூறு உட்கருக்களில் எத்தனை, ஆன்டிபாடி ஒட்டிப் பழுப்பு நிறமாகத் தெரிகின்றன என்பதைச் சதவீதமாகப் போட்டால் அதுவே குறியீட்டு எண்.

பி.சி.என்.ஏ. இன்னொரு குறியீடு. இது டி.என்.ஏ. நகலெடுக்கும் எந்திரத்தை இழையோடு சேர்த்துப் பிடித்திருக்கும் வளையம். 1978இல் லூபஸ் நோயாளிகளின் ரத்தத்தில் இருந்த ஆன்டிபாடி மூலமாகத்தான் இது முதலில் கண்ணில் பட்டது. நல்ல குறியீடுதான், ஆனால் சீக்கிரம் கரையாது, டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் இடத்திலும் இருக்கும். காசிமேட்டுக் கணக்கில் இது எஞ்சின் மூடியைத் தொட்டுப் பார்ப்பது மாதிரி. சூடாக இருக்கிறது, ஆனால் புறப்படப் போகிறதா, இப்போதுதான் வந்து நின்றதா, மெக்கானிக் ஓட்டிப் பார்த்தாரா? சூட்டை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அதனால் பி.சி.என்.ஏ. எண்ணிக்கை பெரும்பாலும் கி-67ஐவிடக் கூடுதலாகவே வரும். பழைய ஆய்வுகளையும் புதிய ஆய்வுகளையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது இதை மறந்தால் வம்பு.

பாஸ்போ ஹிஸ்டோன் எச்-3 என்று ஒன்று உண்டு. செல் பிரிந்துகொண்டிருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் தெரியும். துறைமுக வாயை இந்த நொடி கடக்கும் லாஞ்சு. எண்ணிக்கை குறைவாக இருக்கும், ஆனால் ஐயமே இருக்காது. விலங்கு ஆய்வுகளில் பிராமோடியாக்ஸியூரிடின் என்ற ரசாயனத்தை ஊசியில் ஏற்றுவார்கள். அந்த நேரத்தில் டி.என்.ஏ.வை நகலெடுக்கும் செல்கள் அதையும் சேர்த்து நெய்துகொள்ளும். வாயைக் கடக்கும் ஒவ்வொரு லாஞ்சுக்கும் பெயின்ட் அடித்து விடுவதுபோல. கர்ப்பிணிகளிடம் இதைச் செய்ய முடியாது என்று சொல்லத் தேவையில்லை.

கி-67 அப்படி என்னதான் செய்கிறது என்பது ரொம்ப நாள் யாருக்கும் சரியாகத் தெரியாது. 2016இல் வியன்னாவிலிருந்து ஒரு விடை வந்தது. செல் பிரியும்போது குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க, அவற்றின் மேல் சோப்புப் படலம்போல் படிந்து பிரித்து வைக்கிறதாம். நுரையீரல் முதிர்ந்ததற்கான அடையாளமே சர்ஃபாக்டன்ட் என்ற சோப்புப் பொருள்தான். காற்றுப் பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காப்பது அது. ஒரே உறுப்பில் வளர்வதற்கும் ஒரு சோப்பு, பழுப்பதற்கும் ஒரு சோப்பு. இதற்குப் பெரிய அர்த்தம் ஒன்றும் கிடையாது. எனக்குப் பிடித்திருந்தது, சொன்னேன்.

ஸ்லைடு எப்படித் தயாராகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இந்த எண்ணெல்லாம் வானத்திலிருந்து விழுந்தது போலிருக்கும். பார்மலினில் ஊறிய நுரையீரல் துண்டை மெழுகில் புதைத்து, மூன்று நான்கு மைக்ரான் தடிமனில் வெட்டுவோம். வெட்டிய துண்டு ரிப்பன் மாதிரி வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு ஸ்லைடில் ஏந்தி எடுக்க வேண்டும். குன்றிய நுரையீரல் துண்டு கைக்கே வித்தியாசம் தெரியும். நல்ல நுரையீரல் பஞ்சு, இது ஈரல் துண்டு மாதிரி கெட்டி. பார்மலின் புரதங்களை முடிச்சுப் போட்டு வைத்திருப்பதால் ஆன்டிபாடி உள்ளே போகாது. முடிச்சை அவிழ்க்க சிட்ரேட் கரைசலில் வேகவைக்க வேண்டும். எதில்? பிரஷர் குக்கரில். வீட்டில் சாம்பாருக்குப் பருப்பு வேகும் அதே ஜாதி குக்கர்தான். நான் வேலை பார்த்த ஒரு லேபில் கேஸ்கெட் தேய்ந்துபோய் விசில் வராமல் ஒரு வாரம் முழுக்க எல்லா ஸ்லைடும் வெளிறியே வந்தது. கி-67 குறைவு என்று ரிப்போர்ட் போகவிருந்த நேரத்தில், ஒப்பிடுவதற்காகக் கூடவே ஓட்டிய டான்சில் ஸ்லைடும் வெளிறியிருப்பதை ஒருவர் கவனித்தார். டான்சிலில் செல்கள் பிரியாமல் இருக்கவே இருக்காது. புதுக் கேஸ்கெட் வாங்கி மாட்டியதும் நுரையீரல் மறுபடி 'வளர' ஆரம்பித்தது. எண்களை நான் சந்தேகத்தோடு பார்ப்பது அன்றிலிருந்துதான்.

எல்லாம் சரியாக வந்தால் மைக்ராஸ்கோப்பில் நீலப் பின்னணியில் பழுப்புப் புள்ளிகள் தெரியும். ஓய்வில் உள்ள உட்கருக்கள் நீலம், பிரியும் உட்கருக்கள் டீக்கறை நிறம். ஆயிரம் உட்கரு எண்ணுவோம். எந்தச் செல் பழுப்பு என்பதையும் பார்க்க வேண்டும். குழாய்களின் உள்சுவர்ச் செல்லா, சுற்றியுள்ள இடைத்திசுச் செல்லா, ரத்தக்குழாயின் செல்லா? உள்சுவர், இடைத்திசு என்ற இரண்டு கூட்டத்தையும் சேர்த்து எண்ணி ஒரே சதவீதமாகப் போடுகிறவர்களிடம் எனக்கு நம்பிக்கை கிடையாது. நுரையீரல் வளர்வதே இந்த இரண்டு கூட்டமும் ஒன்றுக்கொன்று குரல் கொடுப்பதால்தான். இடைத்திசு எஃப்.ஜி.எஃப்.-10 என்ற புரதத்தைச் சுரக்கும். உள்சுவர் அதைத் தேடி முளைவிடும், கொழுகொம்பைத் தேடும் அவரைக்கொடி மாதிரி. எலியில் அந்த ஒரு ஜீனை எடுத்துவிட்டால் மூச்சுக்குழாய் இருக்கும், அதற்குக் கீழே நுரையீரலே இருக்காது.

சரி, எண் வந்துவிட்டது. அதை எப்படிப் படிப்பது?

ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது காசிமேட்டில் போய் நின்று 'ஒரு லாஞ்சுகூட ஓடவில்லையே, மீன்பிடித் தொழிலே அழிந்துவிட்டது' என்று எழுதினால் எப்படி? கருவின் நுரையீரலுக்கும் காலண்டர் உண்டு. ஐந்தாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினேழாவது வாரம் வரை குழாய்கள் கிளைவிடும் காலம். சுரப்பி மாதிரித் தெரியும். பிறகு இருபத்தாறு வாரம் வரை குழாய்களின் முனைகள் விரிந்து, ரத்தக்குழாய்கள் பக்கத்தில் வந்து ஒட்டும் காலம். அதன்பின் பைகள். 36 வாரத்துக்குப் பிறகுதான் உண்மையான காற்றுப் பைகள். ஆரம்பத்தில் செல்கள் மளமளவெனப் பிரியும், போகப்போகக் குறையும். நிறைமாதத்தில் கி-67 குறைவாக இருப்பது ஒழுங்கான நுரையீரலின் லட்சணம். ஆகவே இருபத்தொன்பது வார நுரையீரலை இருபத்தொன்பது வார நுரையீரலோடுதான் ஒப்பிட வேண்டும்.

குன்றிய நுரையீரல் பார்வைக்கு வயதைவிட இளமையாகத் தெரியும். இருபத்தொன்பது வாரத்தில் இருபது வாரத்தின் தோற்றம். இருபது வார நுரையீரலில் கி-67 இயல்பாகவே அதிகம். ஆக, குன்றிய நுரையீரலில் எண்ணிக்கை அதிகமாக வந்தால் 'அடடா, வேகமாக வளர்கிறது' என்று சொல்வதா, 'இன்னும் பழைய கட்டத்திலேயே தேங்கி நிற்கிறது' என்று சொல்வதா? ஆய்வுகள் ஒரே குரலில் பேசாததற்கு இது ஒரு காரணம். கர்ப்பத்தின் முற்பாதியில் எடுத்த விலங்கு நுரையீரல்களில் பிரிதல் குறைந்திருப்பது தெரியும். நிறைமாதத்தில் எடுத்தால் வித்தியாசம் மங்கிப்போகலாம். அதற்குள் நடக்க வேண்டிய சேதம் நடந்து முடிந்திருக்கும். லாஞ்சுகளே பாதிதான் மிச்சம். மிச்சம் இருப்பதில் வழக்கம்போல நூற்றுக்கு முப்பது ஓடுகிறது. சதவீதம் பார்க்கிறவருக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

வயிற்றிலேயே இறந்து, இரண்டு நாள் கழித்துப் பிறந்த குழந்தை என்றால் திசு கரைந்திருக்கும், ஆன்டிபாடி சரியாக ஒட்டாது. அந்த எண்ணைப் பேசாமலே இருப்பது நல்லது.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன். எதிர்வீட்டுப் பெண்ணின் அடுத்த கேள்வி அதுதான்: "தண்ணி போனா பனிக்குடத்துல தானே போவுது, லங்ஸுக்கு இன்னா?" அவள் மாமியார் ஏற்கெனவே மணலி ஆலைகளின் புகையைக் காரணமாகத் தீர்மானித்து வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் எதற்கும் முதலில் மணலிதான். மணலியோடு தகராறு செய்ய வேறு நூறு காரணம் இருக்கலாம். இந்தக் குழந்தைக்கு ஸ்கேனிலேயே காரணம் இருந்தது.

வயிற்றுக்குள் இருக்கும் நுரையீரல் காற்றில்லாத வெறும் பை என்றுதான் நாம் நினைக்கிறோம். அது தானே ஒரு திரவத்தைச் சுரந்து தன்னைத்தானே ஊதி வைத்திருக்கிறது. உள்சுவர்ச் செல்கள் குளோரைடை உள்ளே தள்ளும், தண்ணீர் பின்னாலேயே வரும். குரல்வளை வால்வு மாதிரி மூடியிருப்பதால் திரவம் தேங்கி, சுவர்களைச் சற்று இழுத்தபடி இருக்கும். பத்துப் பதினோரு வாரத்திலிருந்தே கரு மூச்சு விடுவதுபோல் மார்பை அசைத்துப் பழகும், ஸ்கேனில் பார்க்கலாம். இந்த இழுப்புதான் செல்களைப் 'பிரி, பிரி' என்று விரட்டுகிறது. வெளியே பனிக்குடத் தண்ணீர் இருக்கும்வரை உள்ளே திரவம் நிற்கும். வெளியே வற்றிப்போனால் உள்ளே இருப்பதும் வாய் வழியாக வடிந்துவிடும், குழந்தையின் மார்பும் கருப்பைச் சுவரில் நசுங்கும். இழுப்பு போச்சு. இழுப்பு போனால் பிரிதல் போச்சு.

பனிக்குடத் தண்ணீரில் கர்ப்பத்தின் பிற்பாதியில் பெரும்பங்கு கருவின் சிறுநீர். அதனால் இரண்டு சிறுநீரகமும் உருவாகாத குழந்தைக்கும் கடைசியில் நுரையீரலே எமனாக வருகிறது. சிகாகோவில் நோய்க்கூறு நிபுணராக இருந்த எடித் பாட்டர் 1946இல் அந்தக் குழந்தைகளின் முகத் தோற்றத்தை விவரித்தார். இன்றும் பாட்டர் என்றே அதைச் சொல்கிறார்கள்.

நுரையீரல் குன்ற இன்னொரு வழி, மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தில் ஓட்டை. சுமார் 2,500 முதல் 3,000 பிறப்புக்கு ஒன்று, பெரும்பாலும் இடப்பக்கம். குடலும் மண்ணீரலும் மார்புக்குள் ஏறி உட்கார்ந்துகொள்ளும், நுரையீரலுக்கு இடமிருக்காது. இடநெருக்கடி மட்டும்தான் காரணம் என்று ரொம்ப நாள் நம்பினார்கள். நைட்ரோஃபென் என்ற களைக்கொல்லியைச் சினை எலிக்குக் கொடுத்தால் குட்டிகளில் பலவற்றுக்கு இதே ஓட்டை வரும். அந்த எலிகளில் வேடிக்கை என்னவென்றால், உதரவிதானத்தில் ஓட்டை விழுவதற்கு முன்பே, இரண்டு நுரையீரலும் குன்ற ஆரம்பித்துவிடுகின்றன. 2000ஆம் ஆண்டில் இதை 'இரட்டை அடி' என்று விளக்கினார்கள். முதல் அடி நுரையீரலின் சொந்தக் கோளாறு, இரண்டாவது குடல் வந்து நெருக்குவது.

எப்போது அடி விழுகிறது என்பது ரொம்ப முக்கியம். மூச்சுக்குழாய்க் கிளைகளின் எண்ணிக்கை பதினாறாவது வாரத்தோடு முடிந்துவிடும் என்பது நுரையீரல் வளர்ச்சியை ஆராய்ந்த லின் ரீட் வகுத்த விதிகளில் முதலாவது. அதற்கு முன் அடி விழுந்தால் கிளைகளே குறைவு. மரத்தையே சின்னதாக நட்டதுபோல. அதற்குப் பின் விழுந்தால் கிளை இருக்கும், இலை குறையும். பதினெட்டு வாரத்தில் தண்ணீர் போன குழந்தைக்கு இரண்டாவது வகை. இருபத்து நான்கு வாரம் தாண்டித் தண்ணீர் போனவர்களுக்கு நுரையீரல் குன்றி உயிர் போவது அபூர்வம். ஆறு வார வித்தியாசம், அவ்வளவுதான்.

பருப்பதும் பழுப்பதும் வேறு என்பதற்கு நான் பார்த்ததில் மிகத் தெளிவான சாட்சி 1977இல் வந்த ஓர் ஆட்டு ஆய்வு. வயிற்றுக்குள் இருக்கும் ஆட்டுக்குட்டிகளில் சிலவற்றின் மூச்சுக்குழாயைக் கட்டிவிட்டார்கள். திரவம் வெளியேற வழியில்லை. வேறு சிலவற்றின் திரவத்தை வடியவிட்டார்கள். சில வாரம் கழித்துப் பார்த்தால், கட்டியவற்றின் நுரையீரல் ஊதிப் பெருத்திருந்தது, ஆனால் சர்ஃபாக்டன்ட் சுரக்கும் இரண்டாம் வகைச் செல்கள் மிகக் குறைவு. வடியவிட்டவற்றின் நுரையீரல் சுண்டிச் சிறுத்திருந்தது, அதில் இரண்டாம் வகைச் செல்கள் நிறைய. இழுத்தால் பருக்கிறது, பழுக்க மறுக்கிறது. விட்டால் சீக்கிரம் பழுக்கிறது, பருக்க மறுக்கிறது. வெம்பல் என்று நாம் சொல்வது இதைத்தானே?

ஊசிக் கதையும் ஆட்டில்தான் தொடங்கியது. நியூசிலாந்தில் லிக்கின்ஸ் என்ற மருத்துவர் 1969இல், ஸ்டீராய்டு கொடுத்த குறைமாத ஆட்டுக்குட்டி மூச்சு விடக்கூடாத வயதில் மூச்சு விட்டதைக் கவனித்தார். 1972இல் அவரும் ஹோவியும் கர்ப்பிணிகளில் செய்த ஆய்வு வந்தது. இன்று குறைப்பிரசவம் ஆகும் என்று தெரிந்தால் போடும் ஊசி அதன் வாரிசு. நம் அரசு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒன்றாக நான்கு. காற்றுப் பைச் சுவரை மெல்லியதாக்கும், சர்ஃபாக்டன்டைச் சுரக்க வைக்கும். எத்தனையோ குறைமாதப் பிள்ளைகள் அதனால்தான் இன்று ஸ்கூலுக்குப் போகிறார்கள். ஆனால் விலங்குகளில் செல் பிரிதலை அது கூட்டுவதில்லை, குறைக்கவே செய்கிறது. செல்லை 'பிரிந்தது போதும், வேலையைப் பார்' என்று அனுப்பும் மருந்து வேறெப்படி இருக்கும்?

பருக்க வைக்க வழியே இல்லையா என்றால், ஒன்றை முயன்றிருக்கிறார்கள். அந்த 1977ஆம் வருஷத்து ஆட்டின் கட்டிய மூச்சுக்குழாய்தான் அதன் மூதாதை. உதரவிதான ஓட்டை கடுமையாக உள்ள கருவின் மூச்சுக்குழாயில், தாயின் வயிற்றில் சிறு துளையிட்டு, குட்டி பலூன் ஒன்றை வைத்து அடைப்பது. திரவம் தேங்கும், நுரையீரல் இழுபடும், செல் பிரியும். ஆனால் அடைத்தபடியே விட்டால் பழுக்காது. அதனால் 27 முதல் 29 வாரத்துக்குள் வைத்து 34 வாரத்தில் பலூனை எடுத்துவிடுவார்கள். முதலில் பருக்கட்டும், பிறகு பழுக்கட்டும் என்று. 2021இல் வந்த பன்னாட்டு ஆய்வில் கடுமையான வகையில் பலூன் வைத்த குழந்தைகளில் 40 சதவீதம் பிழைத்து வீடு திரும்பினார்கள். வைக்காதவர்களில் 15 சதவீதம். நடுத்தர வகையில் 63க்கு 50. அந்த வித்தியாசம் புள்ளியியல் கணக்கில் நிற்கவில்லை. பலூன் வைத்தவர்களுக்குத் தண்ணீர் சீக்கிரம் உடைவதும் குறைப்பிரசவமும் கூடின. உலகில் மிகச் சில மையங்களில் மட்டும் செய்கிறார்கள். பனிக்குடமே கிழிந்து வடிந்துகொண்டிருக்கும் தாய்க்கு இது பொருந்தும் வைத்தியமும் இல்லை.

பிழைத்த பிள்ளைகளுக்குப் பிறந்த பிறகும் நுரையீரல் வளரும். பிறக்கும்போது காற்றுப் பைகள் சில கோடி. பெரியவர்களுக்குச் சராசரியாக 48 கோடி என்று 2004இல் எண்ணியிருக்கிறார்கள். பெரும்பகுதி முதல் இரண்டு மூன்று வருஷத்தில் முளைப்பது. குன்றிய நுரையீரலோடு பிறந்து, வென்டிலேட்டரில் வாரக்கணக்கில் கிடந்து, இரண்டு வயதில் ஓடித் திரியும் பிள்ளைகள் இருப்பது இதனால்தான். முதல் சில நாளைத் தாண்ட வேண்டும். எட்டுக் கிராம் நுரையீரலால் அது முடியவில்லை.

இவ்வளவையும் நான் அன்று அவளிடம் சொல்லவில்லை. மாங்காய்க் கதையும் காசிமேட்டுக் கதையில் பாதியும் சொன்னேன். அவள் ரிப்போர்ட்டில் கி-67 எண்ணே இல்லை. சாதாரண ரிப்போர்ட்டில் அது வராது, ஆய்வுக்காக எடுத்தால்தான் உண்டு. சிறுநீரகம் இரண்டும் இயல்பு என்று எழுதியிருந்த வரியைத் தேடிக் காட்டினேன். அடுத்த குழந்தைக்குச் சிறுநீரகக் கோளாறு திரும்ப வருமோ என்ற பயம் இங்கே வேண்டாம். தண்ணீர் எதனால் சீக்கிரம் உடைந்தது, மறுபடி உடையாமல் என்ன செய்யலாம் என்பதை அடுத்த முறை ஆரம்பத்திலேயே டாக்டரிடம் கேட்கச் சொன்னேன்.

கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம் கவரை மடித்துக்கொண்டே, "அப்ப ஊசி லேட்டா போட்டாங்க, அதான்னு அவ அழுதுகினே கீறா. நாங்க சண்டை போட்டுட்டு வந்தோம். சீக்கிரம் போட்டிருந்தாலும் இதேதானாண்ணா?" என்றாள்.

"இதேதான்மா" என்றேன்.

"இத நீயே வந்து அவகிட்ட சொல்றியா?" என்றாள். சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.